திரும்பி நின்ற அன்னம்

என் ஹலினா அக்காவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? தினம் எட்டு மணி நேரம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். இப்போது எழுதுகிறேன், அதுவும் தமிழில். உனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஜெர்மனில் எழுதினால் நான் நாகரிகமாக எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அந்த மொழியில் எனக்குத் தப்பை ஒப்புக்கொள்ளவும் வராது, உரிமையோடு திட்டவும் வராது. இன்று இரண்டையும் செய்தாக வேண்டும்.

முதலில் தப்பு. உன் சவப்பெட்டியின் மேல் வைத்து அந்த நாடாவை நான் வெட்டவில்லை. வெட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கத்தரிக்கோலும் கைப்பையில் இருந்தது. ஆனால் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நீ பின்னால் நின்று முறைப்பது போலவே இருக்கிறது.

ஏன் வெட்டவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னையும் தெரியாது, அந்த நாடாவையும் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திரும்பவும் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு எப்போதுமே கிடையாது, இருந்தாலும்.

நான் வுப்பர்டாலுக்கு வந்தது அறுபத்து நான்கில். என் கணவர் சண்முகம் சாயத்தொழிலுக்கான ரசாயனம் படிக்க வந்தார், நான் அவரோடு வந்தேன். என் அப்பா ஆரணியில் பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பழகிய கை எனக்கும் இருந்தது. அதை நம்பித்தான் பார்மன் பகுதியில் இருந்த அந்த நாடா ஆலையில் வேலை கேட்டேன். ஜெர்மன் பேசத் தெரியாத பெண்ணுக்கு மெய்ஸ்டர், அதாவது ஆலையின் மேற்பார்வையாளர், ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டி, ஒரு ரோஜாப் பூ வரையச் சொன்னார். வரைந்தேன். மறுநாளிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

அங்கே உனக்கு எதிரே என்னை உட்கார வைத்தார்கள். உனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது, எனக்கு இருபத்தாறு. நான் தாளில் சின்னத்தை வரைவேன். நீ அந்தத் தாளைப் பார்த்து, எந்த நூலைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்கிற ஜக்கார்டு அட்டையில் துளை போடுவாய். ஜெர்மன்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம். துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு, பாட்டுப் பாடுகிறவர்களுக்கு, முயல் வளர்ப்பவர்களுக்குக்கூட. ஒவ்வொரு சங்கத்துக்கும் சின்னம் நெய்த நாடா வேண்டும். அந்தச் சின்னங்களில்தான் நம் இரண்டு பேருடைய சாப்பாடும் இருந்தது.

நம் தறிகளில் நாடாவின் முகம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்யும்போது மேலே தெரிவது முதுகு. அதனால் நான் வரைந்ததை நீ எதிர்முனையிலிருந்து படித்துத் துளை போடுவாய். அப்போதுதான் நாடாவைப் புரட்டினால் சிங்கமோ கழுகோ சரியான பக்கம் பார்க்கும். நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கண்ணுக்குத் தெரிகிறபடி வரைவது என் வேலை, திருப்புவது உன் வேலை. அப்படியே வருடக்கணக்காகப் போனது.

நான் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு சங்கத்தார் தங்கள் கழுகை வலப்பக்கம் பார்க்க வரைந்து அனுப்பியிருந்தார்கள். நீ தாளைத் தூக்கிக்கொண்டு மெய்ஸ்டரிடம் போனாய்.

“இது தப்பான பக்கம் பாக்குது.”

“பறவை எந்தப் பக்கம் பாத்தா என்ன, ஹலினா?”

“கேடயத்துக்கு வலது இடதுன்னா அதைப் பிடிச்சிருக்கறவனோட வலது இடது. நம்மளது இல்ல. இது எதிரியைப் பாக்காம ஓடற கழுகு.”

உன் ஜெர்மன் உடைந்த ஜெர்மன், என் ஜெர்மன் அதைவிட மோசம். ஆனாலும் நீ பேசியதெல்லாம் எனக்கு இப்போது நினைவில் நம்மூர்ப் பேச்சாகத்தான் கேட்கிறது. அது எப்படி என்று தெரியவில்லை.

உன் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பற்றி ஒருநாள் கேட்டேன். எல்லோரும் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். நீ மட்டும் பெயருக்குப் பின்னால் இரண்டு வார்த்தை சேர்த்திருந்தாய்: ஹெர்பு வபெஞ்ச். அது ஊர்ப் பெயரா, புருஷன் பெயரா என்று கேட்டேன். புருஷன் என்றதும் சிரித்தாய். உனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

“வபெஞ்ச்னா அன்னம். அன்னச் சின்னத்தைச் சேந்தவன்னு அர்த்தம். சிவப்புக் கேடயத்துல வெள்ளை அன்னம். அதுதான் எங்க வம்சத்தோட அடையாளம். பேருக்குப் பின்னால போட்டுப்போம்.”

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

“உங்க ஊர்லயும் சாதியா? பேருக்குப் பின்னால எதையும் போடாம இருக்கணும்னுதான் நான் கடல் தாண்டி வந்திருக்கேன். அது இங்கேயும் வந்து என் எதிர்லயே உக்காந்திருக்கே!”

நீ அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம் அடங்கவில்லை. சண்முகத்தின் வீட்டில் எங்கள் கல்யாணத்தை ஒத்துக்கொள்ளவில்லை. தறிக்காரன் பெண்ணா நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வருவது என்றார்கள். அவருடைய அப்பா ஒரு போஸ்ட் கார்டு போட்டார். ‘உன்னைத் தலைமுழுகியாயிற்று.’ கையெழுத்துகூடப் போடவில்லை. பின்னால் அவர் இறந்தபோது காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. மூத்த மகன் இங்கே பரிசோதனைச்சாலையில் சாயக் குப்பியைக் கழுவிக்கொண்டிருந்தான், அங்கே வேறு யாரோ கொள்ளி வைத்தார்கள்.

இதையெல்லாம் அப்போது உனக்கு நான் சொல்லவில்லை. நீயும் உன் கதையைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் உர்ரென்று ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். உங்கள் ஊர் வில்னாவுக்குப் பக்கம், அப்போது அது போலந்தில் இருந்தது. குலம் பெரிய குலம், வீடு ஓலை வேய்ந்த வீடு. உன் அப்பா தானே ஏர் பிடிப்பார். ஆனால் உழும்போதும் இடுப்பில் ஒரு முறிந்த வாள் தொங்கும், பக்கத்து வயல்காரனுக்குத் தான் யார் என்று தெரிய வேண்டுமே. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய். வாள் மாட்டின் வாலில் சிக்கிக்கொண்டு அவர் சேற்றில் விழுந்த கதையைச் சொல்லும்போது உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது முழுக்கச் சிரிப்பால் வந்ததில்லை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அண்ணன்மார் இரண்டு பேர். உலகப் போரில் ஒருவரைச் சுட்டார்கள். இன்னொருவரை ரஷ்யர்கள் கிழக்கே ரயிலேற்றினார்கள், அதோடு சரி. உன்னைப் பத்தொன்பது வயதில் ஜெர்மன்காரர்கள் இங்கே கொண்டுவந்து ஒரு பண்ணையில் கட்டாய வேலைக்குப் போட்டார்கள். சண்டை முடிந்தபோது உங்கள் ஊர் ரஷ்யர்கள் கைக்குப் போயிருந்தது, திரும்பிப் போக உனக்கு நாடு இருக்கவில்லை. உன் பாஸ்போர்ட்டில் நாடு என்கிற இடத்தில் ‘நாடற்றவர்’ என்று போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட உனக்கு மிஞ்சியிருந்ததே ஒரு அன்னம்தான். அதைப் போய் நான் சாதி என்றேன்.

அதற்காக என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று நினைக்காதே. நாம் இதைப் பற்றி எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம்! நீ சொல்வாய்: “எங்க சின்னம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்ல. ஒரே அன்னத்தை எத்தனையோ குடும்பம் வச்சிருக்கும். ஒருத்தருக்கொருத்தர் ரத்த சம்பந்தமே இருக்காது.” நான் சொல்வேன்: “எங்க ஊர் கோத்திரம் மாதிரி. அதுல எங்களைச் சேத்துக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

அப்போதுதான் நீ ஹொரோட்லோ கதையைச் சொன்னாய். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஹொரோட்லோ என்ற ஊரில் போலந்துப் பிரபுக்களும் லித்துவேனியப் பிரபுக்களும் கூடினார்களாம். ஒவ்வொரு போலந்துக் குலமும் ஒரு லித்துவேனியக் குடும்பத்தைப் பக்கத்தில் அழைத்து, இன்றிலிருந்து எங்கள் சின்னம் உங்களுக்கும், நீங்கள் எங்கள் சகோதரர்கள் என்று சொல்லிக் கொடுத்ததாம். உங்கள் அன்னமும் அப்படி வந்ததுதான் என்று உன் அப்பா சொல்வார்.

“அப்ப நீங்க நிஜ அன்னக்காரங்க இல்லையா?”

“குடுத்தா நிஜம்தான். வாயால குடுத்தாங்க, கையால வாங்கிக்கிட்டோம்.”

“சும்மா குடுத்தாங்களா?”

“கத்தோலிக்கரா இருக்கணும்னு சொன்னாங்க.”

“பாத்தீங்களா, அங்கேயும் ஒரு நிபந்தனை!” என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. நீ எலுமிச்சைச் சாதத்தை என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றபடி, “வாயாடி” என்றாய். போலந்து மொழியில் சொன்னாய், ஆனால் புரிந்தது.

அந்தக் காலத்தில் நான் உன்னை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ‘நீ’ என்று கூப்பிட வயதில் மூத்தவர் அனுமதி தர வேண்டும். நான்கு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை உன் அறையில் செர்ரி மதுவை இரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, இனி நீ என்றே கூப்பிடு என்றாய். நான் மது குடிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். உதட்டில் ஒற்றினால் போதும் என்றாய். அன்று நீ கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். அதோடு ‘அக்கா’வையும் சேர்த்துக்கொண்டேன். அடுத்து நீ கொடுத்ததைத்தான் வாங்கவில்லை.

அதற்கு இப்போது வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன், கவனித்தாயா?

போலந்துக்காரர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள்தான் பெரிது. உன் பெயர்நாள் ஜூலையில் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம் உனக்கு ஐம்பது. உனக்குத் தெரியாமல் உன் அன்னத்தை நெய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். கழுத்து வளைவுக்காக மட்டும் நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். சண்முகம் எட்டிப் பார்த்துவிட்டு, “கொக்கா?” என்றார். அவரோடு ஒரு நாள் பேசவில்லை.

நீ பல் வைத்தியரிடம் போன அன்று, உன் இயந்திரத்தில் நானே அட்டைகளுக்குத் துளை போட்டேன். மதிய இடைவேளையில் மாதிரித் தறியில் ஓட்டிக்கொள்ள மெய்ஸ்டர் விட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றைத் தவிர. எட்டு வருடமாக நான் வரைந்ததையெல்லாம் நீ எதிர்முனையிலிருந்து படித்தாய் என்பது என் நினைவிலேயே வரவில்லை. நான் என் முனையிலிருந்து, கண்ணுக்குத் தெரிகிறபடி துளை போட்டுவிட்டேன். நாடாவை அறுத்து, அவசர அவசரமாக மெல்லிய தாளில் சுற்றிவிட்டேன். சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஓய்வறையில் நீ தாளைப் பிரித்தாய். சிவப்பு நாடாவில் வெள்ளை அன்னம். உன் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மலர்ந்து, உடனே நின்றுவிட்டது. அப்போதுதான் அன்னத்தைப் பார்த்தேன். அலகு தப்பான பக்கம் இருந்தது. எதிரியைப் பார்க்காமல் ஓடுகிற பறவை. உன் அப்பாவும் அண்ணன்மாரும் சுமந்த சின்னத்தை ஐம்பதாவது வருடத்தில் முதுகு காட்ட வைத்துக் கையில் கொடுத்திருக்கிறேன்.

“ஐயோ, மன்னிச்சிடு அக்கா. குடு, கிழிச்சுப் போட்டுடறேன். வேற நெய்யறேன்.”

“தொடாதே,” என்றாய்.

நாடாவை மேசையில் விரித்து வைத்தாய். “ரெண்டு கேடயம் பக்கத்துப் பக்கத்துல நின்னா, ஒண்ணு இன்னொண்ணுக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால ஒண்ணைத் திருப்பி வரைவாங்க, துணையைப் பாக்கற மாதிரி. அது தப்பு இல்ல. மரியாதை.”

“இங்க ஒண்ணுதானே இருக்கு. பக்கத்துல யாரு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். பக்கத்துல யாரு?”

நான் ஏதோ பேச வேண்டுமே என்று, அப்பாவின் சேலைக் கரையைப் பற்றிச் சொன்னேன். அன்னப்பட்சிக் கரை என்றால் அன்னங்கள் ஜோடியாகத்தான் வரும், ஒன்றையொன்று பார்த்தபடி. தனி அன்னத்தை அப்பா வரைந்ததே இல்லை. நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். பிறகு நாடாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, மிகவும் ஒழுங்கான ஜெர்மனில் சொன்னாய்: “எங்களுக்கு எப்படிக் குடுத்தாங்களோ, அப்படியே நான் இதை உனக்குக் குடுக்கறேன். இன்னிலேந்து நீயும் அன்னம். எந்த நிபந்தனையும் கிடையாது.”

“எனக்குக் குடுத்து என்ன பண்றது? எனக்குப் பிள்ளைகூட இல்ல.”

“பிள்ளைக்குக் குடுக்கலை. உனக்குக் குடுக்கறேன்.”

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு என்ன வந்தது? குலம், சின்னம், பேருக்குப் பின்னால் ஒரு வால் என்று எதைக் கேட்டாலும் எனக்கு அந்தப் போஸ்ட் கார்டுதான் கண்முன் வரும். “வேண்டாம்க்கா. ஒண்ணைக் கழட்டிப் போடவே நான் பட்டது போதும். உன் பெருமையைக் கொண்டுவந்து என் கழுத்துல கட்டாதே,” என்றேன்.

நீ “சரி” என்றாய். நாடாவை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாய். அன்று மத்தியானம் ஒரு பாட்டுச் சங்கத்தின் யாழ்ச் சின்னத்தை நான் வரைந்தேன், நீ துளை போட்டாய். அதற்குப் பிறகு மூன்றரை வருடம் அந்த அன்னத்தைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. என்னிடம் குறைவாகப் பழகினாயா என்றால் அதுவும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பீட்ரூட் சூப்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு மேலே ஓடுகிற தொங்கு ரயிலில் வந்தாய், கோட்டெல்லாம் சிவப்பாகச் சிந்தியிருந்தது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் முடிந்து போனது. நீ கோபித்துக்கொண்டிருந்தால் நான் சண்டை போட்டு, அழுது, கடைசியில் வாங்கிக்கொண்டிருப்பேனோ?

பிறகு நீ படுத்தாய். நவம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவே இல்லை. டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், கைப்பையை எடுக்கச் சொன்னாய். நாடா அதே மடிப்பில் இருந்தது.

“நான் போனதும் இதை என் பெட்டி மேல வச்சு வெட்டிடு.”

உங்கள் வழக்கத்தை நீ முன்பே சொல்லியிருக்கிறாய். வம்சத்தின் கடைசி ஆண் இறந்தால், அடக்கத்தின்போது ஒருவர் அவருடைய கேடயத்தைச் சவப்பெட்டியில் மோதி உடைப்பார். அதோடு அந்தக் குடும்பம் முடிந்தது என்று அர்த்தம். பெண்ணுக்கு யாரும் உடைப்பதில்லையாம். “கடைசி ஆள் நான்தானே? யாராவது செய்யணும்ல?” என்றாய்.

“நான் ஏன்க்கா?”

“வேற யாரு இருக்கா? நீயும் எடுத்துக்கலை.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாய். குத்திக்காட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குடு அக்கா, எடுத்துக்கறேன் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சாகப்போகிறவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். இல்லை, அது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம். என் வறட்டு வீம்புதான். “சரி, வெட்டறேன்” என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். மெய்ஸ்டர் கறுப்புத் தொப்பியோடு வந்தார். உன் கோயிலில் பழகிய போலந்துப் பெண்மணிகள் இரண்டு பேர் வந்தார்கள். சண்முகம் குடையோடு என் பின்னால் நின்றார். பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நாடாவைப் பெட்டியின் மேல் விரித்தேன். ஈர மரத்தில் அது ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். நம் மேசைக் கத்தரிக்கோல்தான், அதில் தாள் வெட்டினேன் என்று நீ எத்தனை முறை கத்தியிருக்கிறாய்.

நாடாவின் நடுவில் வெட்டினால் அன்னத்தின் கழுத்தில் விழும். நான்கு தாளைக் கிழித்து நான் வரைந்த கழுத்து. அது திரும்பியிருந்தது. நான் தப்பாகத் திருப்பினேன், நீ அதை மரியாதை என்றாய். வெட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும் அக்கா. எங்களை ஒரு போஸ்ட் கார்டால் வெட்டினார்கள். அதே வேலையை உனக்கு நான் செய்ய வேண்டுமா? பெட்டியைத் தூக்குகிறவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாடாவை உரித்தெடுத்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது தொங்கு ரயிலில் சண்முகம் கேட்டார். “வெட்டலியா?”

“கை வரலை.”

“சரி விடு,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓபர்பார்மன் நிலையம் வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தன் அப்பாவுக்காகவா உனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

இனி நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாதது.

உன் இடத்தில் இப்போது ஒரு துருக்கிப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், எதிர்முனையிலிருந்து ஒழுங்காகப் படிக்கிறாள். என்ன, என்னைத் திட்ட மாட்டேன் என்கிறாள். மெய்ஸ்டர் வருகிற வசந்தத்தோடு ஓய்வு பெறுகிறார். வுப்பர் ஆறு இன்னும் சாயம் கலந்துதான் ஓடுகிறது. இதில் அன்னம் வந்தால் நிறம் மாறித்தான் போகும் என்று நீ சொன்னதை நினைத்துக்கொள்வேன். உன் அலமாரிக் கதவிலிருந்த பெயர்ச்சீட்டை யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்க விடவில்லை.

உன் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவையும் ஒரு எண்ணும்தான் இருந்தன. கல் வைக்கலாம் என்று கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பம் தந்தார்கள். அதில் ஒரு கட்டம்: இறந்தவருக்கு உங்கள் உறவுமுறை. வாழ்நாள் முழுக்கக் கட்டம் நிரப்பியே சாப்பிட்டவள் நான், அந்த ஒரு கட்டத்தின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘சகோதரி’ என்று எழுதினேன்.

அங்கிருந்த அம்மாள் உன் பெயரைப் பார்த்தார், என் பெயரைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார்.

“ஒரே தாய் தகப்பனா?”

“இல்லை.”

“பிறகு எப்படி?”

“எங்கள் பக்கத்தில் அப்படிக் கொடுத்து வாங்கிக்கொள்கிற வழக்கம் உண்டு,” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். எங்கள் பக்கம் என்று நான் சொன்னது ஆரணியை அல்ல.

ஆதாரம் வேண்டும் என்றார். கைப்பையிலிருந்து நாடாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இதெல்லாம் ஆதாரமாகாது என்று சொல்லிவிட்டு, ஆனாலும் விண்ணப்பத்தைத் திருப்பித் தராமல் கட்டோடு வைத்தார்.

நேற்று பதில் வந்தது. கல் வைக்க அனுமதி கிடைத்துவிட்டது. முதல் வரியே ‘உங்கள் சகோதரியின் கல்லறை தொடர்பாக’ என்று இருக்கிறது. நின்றபடியே நாலைந்து தரம் படித்தேன். சண்முகம் வந்து என்ன என்று கேட்டார், கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். நீ உயிரோடு இருந்தபோது வாயால் மட்டும் அக்கா என்று கூப்பிட்டு, கையால் வாங்கிக்கொள்ளாத உறவு, தட்டச்சு அடித்து, முத்திரை குத்தி வந்திருக்கிறது. எவ்வளவு தாமதம் அக்கா!

கல்லில் இரண்டு அன்னம் வரும். இடப்பக்கம் உன்னுடையது, என் தப்பில் திரும்பியது திரும்பியபடியே. வலப்பக்கம் இன்னொன்று, உன்னைப் பார்த்தபடி. கல் செதுக்குகிறவர், இது புருஷன் பெண்டாட்டிக்குச் செய்வதாயிற்றே என்று இழுத்தார். வரைந்தபடி செய்யுங்கள் என்றேன். அந்த இரண்டாவது அன்னத்தையும் நான் நெய்துவிட்டேன். இந்தத் தடவை துளை போடும்போது எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்முனையிலிருந்து படித்தேன். சரியான பக்கம் பார்க்கிறது. உன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தால், அப்பாவின் கரையில் வருவது போலவே இருக்கிறது.

நான் ஒன்று சொல்கிறேன், இதையாவது காப்பாற்றுவேன். இந்த அன்னத்தை நானும் வெட்ட மாட்டேன், யாரையும் வெட்டச் சொல்லவும் மாட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் போவதற்குள் யாருக்காவது எழுந்து நின்று கொடுப்பேன், நீ எனக்குக் கொடுத்தது போல. நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்காமல் கொடுப்பேன். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் மடித்து வைத்துவிட மாட்டேன், இன்னொரு தரம் கேட்பேன். நீயும் என்னை இன்னொரு தரம் கேட்டிருக்கலாம் அக்கா. இதுதான் நான் உன்னைத் திட்ட வேண்டும் என்று சொன்னது.

நீ கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

உன் தங்கை,
வளர்மதி, ஹெர்பு வபெஞ்ச்